லுண்டுப் விழுங்கிய பாட்டு

மாடும் மலையும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இமயத்தின் உச்சிப் பக்கம் லுண்டுப் என்றொரு யாக் இருந்தது. யாக் என்றால் தெரியும்தானே, தரை வரைக்கும் சடை தொங்கும் அந்தப் பனிமலை மாடு. இன்றைக்கு அதன் வாயிலிருந்து ஒரு 'அம்மா' வராது. அன்றைக்கு அப்படியில்லை. லுண்டுப் வாயைத் திறந்தால் மூன்று பள்ளத்தாக்குக்குக் கேட்கும். தன் குரல்மேல் அதற்கு அப்படியொரு கர்வம். விடிந்ததும் பாட ஆரம்பித்துவிடும். பொந்தில் தூங்கும் மலை அணில்கள் திட்டுவதைக்கூடப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

அதை வளர்த்தவள் யாங்டோல். கன்றாக இருந்த நாளிலிருந்து தன் கையால் உப்பு ஊட்டியவள். அவளுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை அமைந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல அவங்க குதிரையைப் பத்தி ஒரே பெருமை. நீ வந்து ஒரு பாட்டுப் பாடணும். எல்லாரும் வாயடைச்சுப் போகணும்," என்றாள்.

"வாய் மட்டுமா? காதும் அடைச்சுப் போகும் பாரு," என்றது லுண்டுப்.

கல்யாணத்துக்குக் கிளம்பியபோது யாங்டோலை முதுகில் ஏற்றிக்கொண்டு அதுதான் முன்னால் நடந்தது. பின்னால் அவளுடைய தாய்மாமனும் உறவுக்காரர்களும் வந்தார்கள். கணவாயைத் தாண்டியதும் ஒரு சரிவு. அதன் மேலே அந்தக் குளிர்காலத்துப் பனி முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்துப் போங்க. நானே பிடிமானம் இல்லாம ஒட்டிக்கிட்டிருக்கேன். யாராவது சத்தம் போட்டா விழுந்துடுவேன்," என்று பனி முணுமுணுத்தது.

மாமன் ஆளுக்கொரு துண்டு காய்ந்த பாலாடைக்கட்டியை வாயில் திணித்தார். கல் மாதிரி இருக்கும் அது. வாயில் கிடக்கும்வரை பேச முடியாது. லுண்டுப்புக்கு மட்டும் கொடுக்கவில்லை. மாட்டுப் பாலில் செய்ததை மாட்டுக்கே யார் கொடுப்பார்கள்?

சரிவின் நடுவில் போகும்போது மாப்பிள்ளை ஊர் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வீடு கொடி, அடுப்புப் புகை, எதிர்பார்த்து நிற்கும் கூட்டம். லுண்டுப்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயிற்றிலிருந்து பாட்டு கிளம்பிவிட்டது. நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கும் வந்தது. வாயும் திறந்துவிட்டது.

மேலேயிருந்து ஒரு பிடி பனி வந்து அதன் மூக்கில் விழுந்தது. யாங்டோல் சடையை இறுகப் பிடித்தாள்.

பாடினால் அவள் உயிர் மிஞ்சாது. லுண்டுப் வாயை மூடி, வந்த பாட்டை அப்படியே விழுங்கியது. சின்னப் பாட்டா அது? தொண்டை வீங்கியது, கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் பாட்டு வந்த வழியே இறங்கி வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் பத்திரமாகச் சரிவைத் தாண்டினார்கள்.

விருந்தில் யாங்டோல் எழுந்து, "இப்ப எங்க லுண்டுப் பாடும்," என்றாள்.

லுண்டுப் வாயைத் திறந்தது. "உர்ர்ர்," என்றது. மறுபடியும் முயன்றது. மறுபடியும் உர்ர்ர்தான். மாப்பிள்ளை வீட்டுக் குதிரை கனைத்துக் கனைத்துச் சிரித்தது. லுண்டுப் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. பாவமாக இருந்தது பார்க்க.

யாங்டோல் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் அசையாமல் நின்றாள். பிறகு அதன் விலாவில் காதை அழுத்தி வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, இங்க வாங்க. உள்ள பாடுது."

மாமன் காதை வைத்தார். மாப்பிள்ளை வைத்தான். குழந்தைகள் சடைக்குள்ளேயே புகுந்துகொண்டார்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கதகதப்பாகவும் இருந்தது. யாருக்கும் நகர மனம் வரவில்லை. விருந்துச் சோறு ஆறிப்போனது. கொஞ்ச நேரம் கழித்துக் குதிரையும் தயங்கித் தயங்கி வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் கேட்கிறேன்," என்றது.

அன்று முதல்தான் யாக் மாடுகள் கத்தாமல் உறுமிக்கொண்டே திரிகின்றன. குளிருக்கு அவற்றின்மேல் சாய வரும் மலைக்காரர்களும் முதலில் காதைத்தான் வைக்கிறார்கள்.