எறியச் சொன்ன கன்று

மலைத்தோட்ட முதலாளி தெய்வநாயகம் வாயைத் திறந்தால் தன் கமலா ஆரஞ்சின் வம்சப் பெருமைதான். ஆனால் மாசி பிறந்தால் போதும், வாசலோர மரங்களில் பழம் தோல் உப்பி, உள்ளே வெறும் சக்கையாகிவிடும். அந்த வருஷம் வாங்க வந்த வியாபாரிகள் கடித்துவிட்டுத் துப்பினார்கள்.

முதலாளி, தோட்டத்துக் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

“வம்சத்துல குறையில்ல, உன் கையிலதான் குறை. இதே வம்சத்துல சாறுள்ள பழம் இப்பவே கொண்டா. இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

அங்கம்மா ஓடைப்பக்கம் போய் மடி நிறையப் பழத்தோடு வந்தாள். ஒரு சுளையிலேயே வியாபாரிகள் சொக்கிப்போனார்கள்.

“பார்த்தீங்களா வம்சத்தை!” என்று முதலாளி மீசையைத் தடவினார்.

“ரெண்டும் ஒரே தாய்மரத்து மொட்டுதானுங்க. வாசல்ல, சீக்கிரம் வளரணும்னு நீங்க சொன்ன எலுமிச்சை வேர்ல ஒட்டினேன். இது, முள்ளு குத்துது, வளரவே மாட்டேங்குதுன்னு நீங்க எறியச் சொன்ன கன்னோட வேர்ல நிக்குது.”

வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள்.

“எறியச் சொன்னதை ஏன் எறியல?” என்று முதலாளி முறைத்தார்.

“எறிஞ்சேனுங்க, ஓடையோரமா. விழுந்த இடத்துல அது வேர் பிடிச்சா நான் என்ன பண்ண? கத்தி கையில இருந்துச்சு, ஒட்டிட்டேன்.”

முதலாளி இன்னொரு சுளையை வாயில் போட்டுக் கனைத்தார்.

“சரி சரி. ஐப்பசி மழைக்கு வாசல்லயும் ஒரு நூறு கன்னு எறிஞ்சு வை.”