எருமையைப் புரட்டிய கரடி

அத்திக்காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு வைத்தியசாலை இருந்தது. கோமளம் என்ற கரடியும் பொன்னி என்ற கீரியும் அங்கே செவிலியராக வேலை பார்த்தன.

ஒருநாள் மாசாணம் என்ற எருமை பாறையில் வழுக்கி விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்து வைக்கோல் படுக்கையில் கிடத்தினார்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பில் புண் வந்துவிடும். அதனால் அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

"அக்கா, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டது கீரி.

"நீயா! உன்னைப் போல இருபது பேர் வந்தாலும் அவர் வாலைத்தான் தூக்க முடியும்! தள்ளி நில்!"

கோமளம் குனிந்து, எருமையின் அடியில் கைகளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கிப் புரட்டியது. பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். கோமளத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அன்று மாலை இடுப்பு லேசாக வலித்தது. மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை.

"எல்லாம் இந்தக் குளிரால் வந்தது!" என்றது கோமளம்.

அது சித்திரை மாதம்.

மூன்றாம் நாள் காலை எருமையைத் தூக்கியபோது இடுப்பில் 'மடக்' என்று ஒரு சத்தம். கரடி அப்படியே எருமையின் மேல் கவிழ்ந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் எழுந்திருங்கள்," என்றது மாசாணம்.

"முடியவில்லை."

"எனக்கும் முடியாது."

இரண்டும் சற்று நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சத்தம் கேட்டுப் பொன்னி ஓடிவந்தது. வழவழப்பான கோரைப்பாய் ஒன்றைக் கரடிக்கு அடியில் செருகியது. வாசலில் நின்ற இரண்டு மான்களைக் கூப்பிட்டுப் பாயின் நுனியைக் கடித்து இழுக்கச் சொன்னது. கரடி வழுக்கிக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரையும் தூக்கவே இல்லை!

"ஐயோ, இனி மாசாணத்தை யார் புரட்டுவது? இப்போதே அவர் விலா சிவந்திருக்கிறதே!" என்று கரடி கலங்கியது.

பொன்னி எருமையின் அடியிலும் ஒரு பாயைச் செருகியது. "அண்ணே, நான் மூன்று எண்ணியதும் நல்ல காலை ஊன்றித் தள்ளுவீர்களா?"

"தள்ளுவேனே! முதல் நாளே தள்ளியிருப்பேன். யாரும் கேட்கவில்லை!"

ஒன்று, இரண்டு, மூன்று! மான்கள் இழுத்தன, எருமை தள்ளியது. மறுபக்கம் புரண்டு படுத்து, நிம்மதியாகக் கொட்டாவி விட்டது.

கோமளம் ஒரு மாதம் படுத்துக் கிடந்தது. பொன்னி அதையும் அப்படியே பாயில் புரட்டியது. முதல் வாரம் முழுக்கக் கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் வாரம் மெல்ல வாயைத் திறந்தது.

"பொன்னி, மூன்று எண்ணும்போது நானும் தள்ளட்டுமா?"

பிறர் உடம்பைப் பேணும் வேலையில் இருப்பவர், துணை கேட்க வெட்கப்பட்டுத் தம் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.