கல்யாணச் சரக்கு

"ஜெயில்ல அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்துட்டேன்மா. இன்னும் ஏன் பாரம் இறங்கலை?"

வைத்திலிங்கம் கேட்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது.

செங்கமலத்துக்கு நாற்பதுதான் இருக்கும். மொரிஷியஸ் தென்கரையில், கடலை ஒட்டிய சின்னக் காளி கோயிலைப் பெருக்கி விளக்கேற்றிக்கொண்டு இருந்தாள். முன்பு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவள். அந்தப் பக்கத்துத் தமிழர்கள், வேறெங்கும் கேட்க முடியாததை அவளிடம் வந்து கேட்பார்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஆனாலும் வருவார்கள்.

புளி போட்டு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னை யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியும். கல்யாணச் சரக்கு."

ஊர் அவருக்கு வைத்த பெயர் அது.

அவருடைய பூட்டன் கப்பலேறி வந்து கரும்பு வெட்டியவர். கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்து, செப்புப் பானையில் சாராயம் காய்ச்சப் பழகினார். தாத்தா அதற்கு உரிமம் வாங்கினார். அப்பா புட்டியில் அடைத்துக் குடும்பப் பெயரை ஒட்டினார். வைத்திலிங்கம் தலையெடுத்தபோது, அந்தப் புட்டி இல்லாமல் தென்கரையில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை.

ஒரு வருஷம் புயலில் கரும்பெல்லாம் படுத்துவிட்டது. சாறு போதவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாலு தலைமுறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. துறைமுகத்து வியாபாரி ஒருவனிடம் ஒரு பீப்பாய் ஸ்பிரிட் வாங்கிக் கலந்தார்.

அதைக் குடித்த கல்யாணப் பெண்ணின் சித்தப்பாவும், தவில் வாசிக்க வந்தவரும் மறுநாள் செத்துப்போனார்கள். வைத்திலிங்கத்தின் தங்கை புருஷன் காத்தபெருமாளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

போலீஸ் செப்புப் பானையை உடைத்தது. மகன் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டான். கடிதம் கிடையாது.

"காவடி எடுத்தேன். தீ மிதிச்சேன். நாப்பது நாள் உப்பில்லாமச் சாப்பிட்டேன். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

செங்கமலம் விளக்கைக் கீழே வைத்தாள்.

"ஏன் அய்யா, சாமிக்கா கண்ணு போச்சு?"

அவ்வளவுதான். அடுத்த விளக்கை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வைத்திலிங்கம் தங்கை வீட்டுக்குப் போனார்.

"வா அண்ணே," என்றாள் தெய்வானை. அஞ்சு வருஷமும் மாதம் தவறாமல் ஜெயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவள் அவள். தவில்காரர் மனைவி நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றியபோதும், 'எங்க அண்ணன் வேணும்னு செய்யலை' என்று எதிரே நின்றவள்.

அவள் தேநீர் போட உள்ளே போனாள்.

காத்தபெருமாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கரும்பு லாரி ஓட்டியவர். மடியில் கைகள் சும்மா கிடந்தன.

"மன்னிச்சிடுங்க, மாப்பிள்ளை."

"உங்க வீட்டுச் சரக்குன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுக் குடிப்பேன், மச்சான்."

வைத்திலிங்கம் தலை குனிந்தார்.

"காய்ச்சினவர் முதல் டம்ளரை முனீஸ்வரனுக்கு ஊத்துவார். அடுத்ததைத் தான் குடிப்பார். அப்புறம்தான் சரக்கு வெளியே போகும். உங்க பூட்டன் நாள்லேருந்து அப்படித்தானே?"

"ஆமா."

"அன்னிக்கு முனீஸ்வரனுக்கு ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"நீங்க குடிச்சீங்களா?"

அடுப்படியிலிருந்து தெய்வானை குரல் கொடுத்தாள். "அவசரத்துல மறந்துட்டாருன்னு கோர்ட்டுலயே சொல்லியாச்சே. இன்னும் எத்தனை தடவை கேப்பீங்க அவரை?"

வைத்திலிங்கம் எழுந்துகொண்டார். தேநீருக்குக்கூட நிற்கவில்லை. நேரே கோயிலுக்கு நடந்தார்.

"மன்னிச்சாரா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"இல்லம்மா. குடிச்சியான்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே. கோர்ட்டுல அப்படித்தானே சொன்னீங்க?"

வைத்திலிங்கம் கோயில் படியில் உட்கார்ந்தார்.

"டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனேன்மா," என்றார். "வாடை சரியில்லை."

பெருக்கிக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது.

"அப்புறம்?"

"கீழே வெச்சுட்டேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. ஏத்திவிட்டேன்."

"ஜெயில்ல எதுக்காக இருந்தீங்க?"

"மறந்ததுக்கு."

"மறந்தவர் போயிட்டு வந்துட்டார்," என்றாள் அவள். "மறக்காதவர் எப்போ போகப்போறார்?"

அவர் காலில் விழப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள்.

"என்கிட்ட ஏன் அய்யா விழறீங்க?"

அவர் திரும்பி நடந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஒரு தடவை தன் வீட்டுப் பக்கம்கூடத் திரும்பினார். ஆனாலும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. கொல்லையில் தெய்வானை துணி அடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் காத்தபெருமாள் மட்டும்தான்.

வைத்திலிங்கம் நின்றபடியே சொன்னார்.

"நான் மறக்கலை, மாப்பிள்ளை. வாடையிலேயே தெரிஞ்சுபோச்சு. அதான் நான் குடிக்கலை. ஆனா உங்களுக்கெல்லாம் அனுப்பினேன்."

காத்தபெருமாள் கையால் தடவி ரேடியோவை அணைத்தார். கோபம் வரும் என்று வைத்திலிங்கம் காத்திருந்தார். அது வரவில்லை.

"தெய்வானை, கையைத் துடைச்சுக்கிட்டு இங்க வா."

துணி அடிக்கும் சத்தம் நின்றது. "அண்ணனா வந்திருக்காரு? சாப்பிடாமப் போயிடப் போறாரு, பிடிச்சு வையுங்க," என்றபடி அவள் வரும் காலடிச் சத்தம் கேட்டது.

"இப்போ என்கிட்ட சொன்னதை," என்றார் காத்தபெருமாள், "இன்னொரு தடவை சொல்லுங்க, மச்சான்."