தராசில் ஏறிய ராஜா

வேங்கைபுரத்து ராஜா செண்பகமாறனுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. ராஜாவுக்கு வேறு எத்தனையோ இருந்தது. ஆனால் எத்தனை இருந்தாலும், போனது எதுவோ அதுதானே இந்த மாதிரி மனுஷர்கள் கண்ணில் நிற்கும். ஆடிக்காற்றில் அந்தத் தோட்டம் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. எல்லாம் குலை தள்ளிய மரங்கள். பக்கத்துக் கொல்லை, ஆடு திருடும் சடையனுடையது. அவன் வாழையில் ஓர் இலைகூடக் கிழியவில்லை.

துக்கத்தில் ராஜா சாப்பிடவே இல்லை. அதாவது, காலையில் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டதால் மத்தியானம் சாப்பிடவில்லை.

சபையில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"கோயிலுக்குக் கோபுரம் கட்டியவன் நான். ஆடு திருடியவன் அவன். காற்று யாரை அடித்தது? நியாயம் தெரியாத தெய்வத்துக்குத் திருவிழா ஒரு கேடா?"

வயிரவ பண்டிதர் எழுந்தார். ராஜா தும்மினால்கூட அதில் ராகம் கண்டுபிடிக்கிற ஆள்.

"மகாராஜா சொல்வது சரிதான். அவரவர் தகுதிக்குத் தக்கதை அவரவருக்குக் கொடுப்பதுதானே தெய்வத்தின் வேலை. அதைச் செய்யாவிட்டால் கோயில் நடையைச் சாத்திவிட வேண்டியதுதான். ஆனால் தெய்வத்தின் பக்கம் பேசவும் ஒருவர் வேண்டும். நம் உலகளந்தான் இருக்கிறாரே, தினம் கோயிலுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு வருகிறவர். அவர் பதில் சொல்லட்டும். முடியாவிட்டால், நடையைச் சாத்துகிற அன்றைக்கே அவரும் ஊரை விட்டுக் கிளம்பட்டும்."

உலகளந்தான் சபையில் வேடிக்கை பேசுகிற உத்தியோகத்தில் இருந்தவர். அம்மை வந்து அவருக்கு ஒரு கண் போயிற்று. அதே அம்மையில் ஒரே மகனும் போனான். அப்புறமும் அந்த மனுஷன் பாடிக்கொண்டு கோயிலுக்குப் போவார், பாடிக்கொண்டு திரும்புவார். பண்டிதருக்கு அதுதான் பொறுக்கவில்லை. இருப்பவன் சிரித்தால் சகித்துக்கொள்வார்கள், இழந்தவன் சிரித்தால் சில பேருக்கு வயிறு எரியும்.

"என்ன ஓய், பதில் உண்டா?" என்றார் ராஜா.

"உண்டு மகாராஜா. நாளைக் காலையில் துலாபார மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே சொல்கிறேன்."

கோயில் மண்டபத்தில் ஆளை உட்கார வைக்கிற பெரிய தராசு தொங்கியது. ராஜா பிறந்தநாளன்று ஒரு தட்டில் உட்காருவார். அவர் எடைக்கு எடை வெல்லத்தை மறு தட்டில் அடுக்கிக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு வருஷம் வெல்லம் கூடிக்கொண்டுதான் போயிற்று.

மறுநாள் ஊரே கூடியது. ராஜா பழக்கப்படி தட்டில் ஏறி உட்கார்ந்தார். தட்டு தரையில் போய் இடித்தது. எதிர்த்தட்டு மேலே போய்க் காலியாக ஆடியது. ஆட்கள் வெல்ல மூட்டையைத் தூக்கினார்கள்.

உலகளந்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "வெல்லம் வேண்டாமப்பா. இன்றைக்குப் பண்டிதர் சொன்ன நியாயப்படி நடக்கலாம். மகாராஜா தாமாகச் சம்பாதித்தது எதுவோ, அதை மட்டும் அந்தத் தட்டில் வைப்போம். தட்டு சமமானால் நடையைச் சாத்துங்கள். நானும் மூட்டை கட்டுகிறேன்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி நீட்டினார்.

"இது உங்கள் அப்பா வைத்துவிட்டுப் போனது."

"அந்த அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தது முற்பிறவிப் புண்ணியம். அது மகாராஜா சம்பாதித்ததுதானே?" என்று குறுக்கே விழுந்தார் பண்டிதர்.

"அப்படியா? அப்போது சடையன் வாழை சாயாததும் அவன் முற்பிறவிப் புண்ணியம்தான். மகாராஜாவுக்கு வழக்கே இல்லை. வீட்டுக்குப் போகலாமா?"

ராஜா பண்டிதரை ஒரு பார்வை பார்த்தார். பண்டிதர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என் வாள்?"

"கொல்லன் அடித்தது."

"நான் கட்டிய கோபுரம்?"

"கல் மலையுடையது. சுமந்தது ஜனங்கள். செலவு அவர்கள் கட்டிய வரி."

"என் வீரமாவது என்னுடையதா இல்லையா?"

"போன வருஷம் காய்ச்சலில் படுத்தபோது அது எங்கே போயிருந்தது மகாராஜா? வாயில் கஞ்சி ஊற்றக்கூட ஆள் வேண்டியிருந்ததே."

ராஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். மேலே காலித் தட்டில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அத்தனை பெரிய ராஜாவின் தகுதித் தட்டில் அன்றைக்கு ஏறியது அந்தக் காக்கை ஒன்றுதான்.

ராஜா அந்தக் காக்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்படியானால் என் வாழை விழுந்தது நியாயமா?"

"தெரியாது மகாராஜா. என் பிள்ளை ஏன் போனான் என்றும் தெரியாது. அழுது அழுது கேட்டேன், பதில் வரவில்லை. ஒருநாள் இதே மண்டபத்தில் உங்களுக்கு வெல்லம் அடுக்கும்போது ஒன்று தோன்றியது. அவனைப் பெற எனக்கு மட்டும் என்ன தகுதி இருந்தது? சாமி எடை போட்டா கொடுத்தார்? அப்படி அள்ளிக் கொடுத்த கைதான் எடுத்துக்கொண்டது. அது எனக்குத் தெரிந்த கை. இந்த உலகம் காற்றின் கையில் இல்லை, அம்மையின் கையில் இல்லை, அந்தக் கையில் இருக்கிறது. அழுகை இன்னும் வருகிறது. அழுது முடித்ததும் இந்த நினைப்பு வருகிறது, பாட்டு தானாக வந்துவிடுகிறது. எந்தக் காற்றிலும் அது மட்டும் சாய மாட்டேன் என்கிறது."

ராஜா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

"நடை திறந்தே இருக்கட்டும். திருவிழா நடக்கட்டும். உலகளந்தானைத் தராசில் ஏற்றுங்கள். அவர் எடைக்கு எடை பொன் கொடுங்கள்."

தூணுக்குப் பின்னாலிருந்து பண்டிதர் பதறிக்கொண்டு வந்தார். "மகாராஜா, இவர் தகுதிக்கு அது ரொம்ப அதிகம்."

"பண்டிதர் சொல்வது உண்மை" என்றார் உலகளந்தான். "தகுதி பார்த்தால் எனக்கு ஒரு குன்றிமணிகூடத் தேறாது. அதனால் எனக்கு எடை போடாமல் கொடுங்கள் மகாராஜா. பண்டிதர்தான் நியாயம் கேட்கிறவர். அவருக்கு மட்டும் தகுதியை எடை போட்டுக் கொடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில், தட்டில் இருந்த காக்கையும் பறந்துபோயிற்று.