கையில் மாட்டிய நூல்

"தொடங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா. போயிடறேன்."

சௌந்தரம் இன்னும் உட்காரவில்லை. மடத்து வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததிலிருந்தே சீக்கிரம் கிளம்பிவிடத் துடித்தாள். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. தங்கை கோமளத்தைத் தவிர வேறு யார் இதைப் போட்டுக்கொண்டு மலையேறுவார்கள்? விடைபெற வந்திருப்பாள்.

அடுக்களையில் பாத்திரம் உருண்டது.

குரு பூரணி பாயில் அமர்ந்திருந்தார். அக்கா தங்கை இருவரையும்விட இளையவர். குளிருக்குச் சால்வைக்குள் கைகளை விட்டிருந்தார்.

"என்ன தொடங்கணும் அக்கா?"

"கம்பளிப் போர்வை. கட்டில் முழுக்க மூடற மாதிரி. கோமளம் மகனோட போறா, பனி கொட்டற தேசத்துக்கு. இனி திரும்ப மாட்டாளாம். பின்னி, பார்சல்ல அனுப்பிடுவேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்குள்ள பேச்சே இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இறந்த தாயை எடுத்துப்போன பிறகுதான் கோமளம் வந்துசேர்ந்தாள். "இப்ப எதுக்கு வந்தே?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டது சௌந்தரம். அன்றோடு சரி.

"எல்லாம் தயாரா?"

"ஊசி வாங்கியாச்சு. கையகலத்துக்கு ஒண்ணு பின்னி, நனைச்சு, காயவெச்சு, அளந்தும் பார்த்தாச்சு. சுருங்கல."

"நூல்?"

சௌந்தரம் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். நீலக் கம்பளி நூல், முறுக்கிய மாலைகள்போல, சிட்டம் சிட்டமாக விழுந்தது.

"இப்படியே பின்னினா சிக்கிக்குமே. உருண்டையா சுத்த வேண்டாமா?"

"வீட்ல போய்ச் சுத்திக்கறேன்."

"இங்கேயே சுத்துங்க. ஒரு உருண்டையைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"நாற்காலி இருந்தா அதுல மாட்டி..."

"மடத்துல ஏது நாற்காலி?"

"முழங்கால்ல மாட்டிக்கறேன்."

"அதுதான் மடங்க மாட்டேங்குதே."

"அப்ப நீங்க பிடிங்க அம்மா."

சால்வைக்குள்ளிருந்து கைகள் வெளியே வரவில்லை.

"கோமளம் அக்கா! கொஞ்சம் வாங்க."

பாத்திரச் சத்தம் நின்றது.

ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கோமளம் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து, விலங்கு மாட்டிக்கொள்வதுபோல் இரு கைகளையும் நீட்டினாள். விரல் படாமல் சௌந்தரம் ஒரு சிட்டத்தை அவற்றில் மாட்டினாள்.

குரு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

சௌந்தரம் சுற்றத் தொடங்கினாள். நூல் விண்ணென்று நின்றது. கோமளத்தின் கைகள் அசையவில்லை. இழுத்தாள். இன்னும் இழுத்தாள். இனி அறுந்துவிடும்.

கோமளத்தின் இடது கை ஒரு நூலளவு சாய்ந்தது. நூல் வந்தது. பிறகு வலது கை.

எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது சௌந்தரத்துக்கு. ஓடினால் அத்தனையும் சிக்கு. உருண்டை எலுமிச்சை அளவானது. நாரத்தை அளவானது. இருவர் மூச்சும் கேட்டது.

திடீரென்று கோமளத்தின் முகம் கோணியது. உதட்டைக் கடித்தாள். கண் கலங்கியது.

அழப்போகிறாள். அன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்லப்போகிறாள். சௌந்தரம் வேகமாகச் சுற்றினாள்.

கோமளம் ஒரு கையைத் தூக்கினாள். நூல் நழுவியது. பதறி இறக்கினாள்.

"அக்கா."

சுற்றிய கை நின்றது.

"மூக்கு அரிக்குது. சொறிஞ்சு விடேன்."

சௌந்தரம் உருண்டையை மடியில் வைத்தாள். ஒரு விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"இங்கேயா?"

"இன்னும் மேல... மெதுவா! இப்பவும் நகம் வெட்டறதே இல்லையா நீ?"