மென்று விழுங்கிய குரங்கு

மலையடிவாரக் காடு ஒன்றில், ஓடைக்கரை நாவல் மரத்தில் ஒரு குரங்கு இருந்தது. அந்த மரத்தடிக்கு ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு மேய வரும்.

இரண்டுக்கும் ஓர் ஒப்பந்தம். சிறுத்தை வந்தால் மானுக்கு வாடை தெரியும். மரத்தின் மேலிருக்கும் குரங்குக்குக் கண்ணில் தெரியும். யாருக்கு முதலில் தெரிந்தாலும் உடனே கத்திச் சொல்ல வேண்டும்.

"புல்லில் வாய் வைத்தால் எனக்கு உலகமே மறந்துவிடும். பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று மான் சொல்லும்.

"நான் இருக்கிறேன் தங்கச்சி. நீ நிம்மதியாகச் சாப்பிடு" என்று குரங்கு சொல்லும்.

குழந்தைகளே, குரங்கின் கன்னத்துக்குள் ஒரு பை உண்டு. கிடைத்ததையெல்லாம் முதலில் அதில் திணித்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகத் தின்னும். ஒரு நாள் மரத்தில் நாவல் பழம் தீரும் தறுவாயில் இருந்தது. உச்சிக்கிளை வரை ஏறி, மிச்சமிருந்த பழங்களைக் குரங்கு இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் புதருக்குப் பின்னால் சிறுத்தை பதுங்குவதைக் கண்டது. காற்று எதிர்த்திசையில் வீசியதால் மானுக்கு வாடை தெரியவில்லை.

கத்தினால் பழமெல்லாம் ஓடையில் விழும். கத்தாவிட்டால் வாக்குத் தவறியவன் என்ற பெயர் வரும். குரங்கின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! வாயைத் திறக்காமலே, "ம்ம்... ம்ஹும்ம்" என்றது.

மான் நிமிர்ந்தது. "என்ன அண்ணே? விளங்கும்படி சொல்லுங்களேன்."

"ம்ம்ம்ம்" என்றது குரங்கு, மென்றபடி.

பழத்தின் ருசியில் முனகுகிறது என்று நினைத்து மான் மறுபடி குனிந்தது. சிறுத்தை பாய்ந்தது. மான் தப்பியது. குட்டி தப்பவில்லை.

வெகுநேரம் கழித்து மான் திரும்பி வந்தது. குரங்கு அதற்குள் எல்லாப் பழத்தையும் விழுங்கியிருந்தது.

"நான் சொன்னேனே தங்கச்சி! இரண்டு தடவை சொன்னேனே!"

"சொன்னீர்கள்" என்றது மான். அழுது அழுது அதன் குரல் கம்மியிருந்தது. "நாளைக்கு யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்னீர்கள். என் குட்டி பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை."

பிறகு மான் அந்த மரத்தடிக்கு வரவே இல்லை.

அந்தக் காட்டில் பேச்சுக்குப் பெயர் இருந்தது, மௌனத்துக்கும் பெயர் இருந்தது. இரண்டுங்கெட்டானாகிய இந்த முனகலுக்கு மட்டும் பெயர் இல்லாமல் இருந்தது. சொல்ல வேண்டியதை யாராவது வாய்க்குள்ளேயே பேசினால், "மென்று விழுங்காதே!" என்று அன்று முதல் அங்குள்ள மிருகங்கள் அதட்டத் தொடங்கின.

நீதி: கேட்பவருக்குப் புரியாமல் சொன்னது, சொன்னதாகாது.