பிரியாத பத்தாயிரத்து ஏழு

வெகுகாலத்துக்கு முன்னே குறும்பலூர்ச் சீமையை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். வாலிபத்தில் படையோடு படையாகக் கூழ் குடித்தவர். வயதானபின் உப்பரிகையை விட்டு இறங்குவதே இல்லை. மேலிருந்து பார்த்தால் வீரர்கள் எறும்புகள் மாதிரிதான் தெரிந்தார்கள்.

ஒருநாள் திடீரென்று, "என் பிறந்தநாளுக்குப் படை முழுவதும் சம சம வரிசையாக நிற்கவேண்டும்" என்றார்.

அமைச்சர் அம்பலவாணர்மேல் எப்போதும் பொறாமைப்படுகிற தளபதி கொழுந்தப்பன் முந்திக்கொண்டார். "அமைச்சரே நிறுத்திக் காட்டட்டும், பிரபு! வரிசையில் அடங்காமல் மிஞ்சுகிறவர்களை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். அவர்களோடு அமைச்சரும் போகட்டும்."

"நல்ல யோசனை!" என்றார் ராஜா.

அம்பலவாணர் கணக்குப் போட உட்கார்ந்தார். படையில் இருந்தது பத்தாயிரத்து ஏழு பேர். மூன்று வரிசையாக்கினால் இரண்டு பேர் மிச்சம். ஏழு வரிசையாக்கினால் நாலு பேர். வீட்டில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, நூறு வரிசை வரைக்கும் விடாமல் பார்த்தார். எதற்கும் அந்த எண் பிடிகொடுக்கவில்லை. நூற்றுக்குமேல் வரிசை வைத்தால், வரிசைக்கு நூறு பேர்கூட வராது. அந்தச் சின்ன எண்களால்தான் ஏற்கெனவே வகுத்துப் பார்த்தாயிற்றே! வயதான வீரர்களின் முகங்கள் கண்முன் வந்தன. யாரை அனுப்புவது? சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறந்தநாளன்று ராஜா எட்டிப் பார்த்தார். கோட்டை வாசலில் தொடங்கிய ஒரே வரிசை ஏரிக்கரையையும் தாண்டிப் போயிருந்தது.

"இது வரிசையா, வாலா?" என்று கொக்கரித்தார் தளபதி.

"பிரபு, இந்த எண்ணைச் சமமாகப் பிரிக்கவே முடியாது. ஒரே வரிசையாகவோ, ஆளுக்கொரு வரிசையாகவோதான் நிற்கும். ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் கடைசி ஆள் தெரியமாட்டார். தாங்கள்தான் இறங்கி வரவேண்டும்" என்றார் அமைச்சர்.

ராஜா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றுவிட்டார்.

"நீ... மாடசாமி இல்லை? வெள்ளத்தில் என்னைத் தோளில் சுமந்தவன்!"

"ஆமா மகாராஜா. அப்போ நீங்க நல்ல எடை" என்றான் நரைமீசைக்காரன்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் ஒவ்வொருவர் முன்னும் நின்றார். ஒருவனிடம் பழைய குதிரையைப் பற்றிக் கேட்டார். இன்னொருவன் தன் அண்ணன் போரில் விழுந்ததைச் சொன்னபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

தானும் ராஜா கண்ணில் படவேண்டும் என்று தளபதி நைசாக வந்து வரிசையில் நுழைந்து நின்றார்.

"ஐயோ, பிரபு! இவர் சேர்ந்தால் இரட்டைப்படை. இரண்டு வரிசையாகப் பிரித்துவிடலாம்" என்றார் அமைச்சர்.

"பிரிப்பதா? என் பிள்ளைகளையா?" ராஜா திரும்பினார். "கொழுந்தப்பா, மிஞ்சுகிறவர் நீர்தான். தள்ளி நில்லும்!"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார்.

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீரர்கள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ராஜா, கூடவே நடந்து வந்த மாடசாமியின் பக்கத்தில் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொன்னையை நீட்டி வாங்கி ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது.

"உப்பே இல்லையடா மாடசாமி."

"அன்னிக்கும் இல்லை, மகாராஜா."

"ஆமாம்" என்று சொல்லி, ராஜா இன்னொரு தொன்னை கேட்டார்.